செயின்ட் ட்ரினியன்ஸ் 2007: விமர்சனத்தில் தோற்ற படம் தியேட்டரில் ஏன் ஓடியது?

2007 டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை. பிரிட்டனில் பள்ளிகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் நுழைகிற நேரம். அன்று வெளியான, அடங்காத மாணவிகள் நிறைந்த ஒரு விடுதிப் பள்ளியைப் பற்றிய ‘செயின்ட் ட்ரினியன்ஸ்’ நகைச்சுவைப் படத்தை நாளிதழ் விமர்சகர்களில் பலர் வறுத்தெடுத்தார்கள். விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் அதன் மதிப்பு முப்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஆனால் சுமார் 70 லட்சம் பவுண்டில் எடுக்கப்பட்ட இந்தப் படம் பிரிட்டனில் மட்டும் ஏறத்தாழ 1.2 கோடி பவுண்டு வசூலித்தது. இரண்டே ஆண்டில் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது.

விமர்சகர்களுக்கு ரசனை இல்லை என்றோ, ரசிகர்களுக்கு விவரம் போதாது என்றோ இதற்குச் சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடலாம். இரண்டுமே பொருந்தாது. விமர்சகர்கள் சுட்டிய குறைகளில் பெரும்பாலானவை படத்தில் கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கின்றன. ஆனால் அவர்கள் கையில் இருந்த அளவுகோல் இதே பள்ளியைப் பற்றி 1954-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இந்தப் படம் குறிவைத்ததோ அந்தப் பழைய படத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத, பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளை. இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால்தான் அந்த வரவேற்பு விளங்கும்.

போர்க்கைதி வரைந்த பள்ளி

செயின்ட் ட்ரினியன்ஸ் முதலில் சினிமா அல்ல, கார்ட்டூன். ரொனால்ட் சேர்ல் (1920–2011) என்ற ஓவியர் ராணுவப் பொறியாளர் படையில் இருந்தபோது ஸ்காட்லாந்தில் ஒரு குடும்பத்தோடு பழக்கமானார். அந்த வீட்டுச் சிறுமிகள் எடின்பரோவில் இதே போன்ற பெயருள்ள ஒரு பள்ளியில் படித்தவர்கள். அவர்களைச் சிரிக்கவைப்பதற்காக வரைந்த படம் 1941-இல் ‘லில்லிபுட்’ என்ற மாத இதழில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சேர்ல் கைதியாகி, சாங்கி முகாமிலும் சயாம்–பர்மா ரயில்பாதையிலும் போர் முடியும்வரை கிடந்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டதும் இதே பாதையில்தான். முகாமில் அவர் ஒளித்துவைத்து வரைந்த நூற்றுக்கணக்கான சித்திரங்கள் இன்று லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஊர் திரும்பியபின் அவர் மறுபடியும் அந்தப் பள்ளியை வரைந்தபோது சிறுமிகளின் குறும்பு முற்றிப்போயிருந்தது. சித்திரவதைக் கருவிகள், விஷப்புட்டிகள், சக மாணவியின் உடல், இவற்றுக்கெல்லாம் நடுவே சலித்த முகத்தோடு ஓர் ஆசிரியை. சேர்லின் சிறுமிகள் அழகிகள் அல்லர். கூரான மூக்கு, குச்சிக் கால், மை சிந்திய சட்டை என்று குட்டிப் பிசாசுகளாகவே இருப்பார்கள். முகாமில் பார்த்த கொடூரம் அந்தக் கோடுகளில் இறங்கியிருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். சித்திரங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மறுக்கத் தோன்றாது. 1950-களின் தொடக்கத்திலேயே சேர்லுக்கு இந்தப் பள்ளி அலுத்துவிட்டது. அணுகுண்டு போட்டு அதை முடித்துவைத்தார்.

சினிமா அதை உயிர்ப்பித்தது. ஃபிராங்க் லாண்டர் இயக்க, அவரும் சிட்னி கில்லியட்டும் சேர்ந்து தயாரித்த முதல் படம் 1954-இல் வந்தது. தலைமையாசிரியை மிலிசென்ட் ஃபிரிட்டனாகவும், குதிரைப் பந்தயச் சூதாடியான அவரது சகோதரர் கிளாரன்ஸாகவும் அலஸ்டேர் சிம் நடித்தார். கள்ளச்சரக்கு விற்கும் ஃபிளாஷ் ஹாரியாக ஜார்ஜ் கோல், விளையாட்டு ஆசிரியை வேடத்தில் உளவு பார்க்க வரும் பெண் போலீஸாக ஜாய்ஸ் கிரென்ஃபெல். தொடர்ந்து 1957, 1960, 1966, 1980 என நான்கு படங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி கீழே இறங்கியது. இரண்டாவதில் சிம் சிறிது நேரமே தலைகாட்டினார், அதன்பின் வரவே இல்லை. 1980-இல் வந்ததை ரசிகர்களே மறக்க விரும்புகிறார்கள்.

இந்தக் கணக்கு முக்கியம். 2007-இல் விமர்சகர்கள் ‘பழைய செயின்ட் ட்ரினியன்ஸ்’ என்று எழுதியபோது ஐந்து படங்களையும் மனதில் வைத்து எழுதவில்லை. முதல் படத்தை, இன்னும் சரியாகச் சொன்னால் அதில் சிம் வரும் காட்சிகளை நினைத்துக்கொண்டு எழுதினார்கள். மறுபிறவி எடுக்கும் எந்தப் படத்துக்கும் நேர்கிற கதி இது. பழைய வரிசையின் சராசரியோடு ஒப்பிட்டால் புதிய படம் தேறும். அதன் உச்சத்தோடு ஒப்பிடும்போது தேறாது.

ஈலிங்கின் கணக்கு

புதிய படத்தைத் தயாரித்தது ஈலிங் ஸ்டூடியோஸ். இதிலேயே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. 1940-களிலும் 50-களிலும் ‘ஈலிங் நகைச்சுவைகள்’ என்று பேர்பெற்ற படங்களோடு செயின்ட் ட்ரினியன்ஸையும் சேர்த்துச் சொல்வது பலருக்கு வழக்கம். உண்மையில் பழைய ட்ரினியன்ஸ் படங்கள் ஈலிங்கில் உருவானவை அல்ல. 2000-இல் கைமாறிய ஈலிங்கின் புதிய உரிமையாளர்களில் ஒருவரான பார்னபி தாம்சன், பழைய பெருமையை நினைவூட்டும் ஒரு வணிகப் படம் வேண்டும் என்று தேடியபோது இந்தப் பெயர் கையில் அகப்பட்டது. அவரும் ஆலிவர் பார்க்கரும் சேர்ந்தே இயக்கினார்கள். பார்க்கர் அதற்கு முன் ஆஸ்கர் வைல்டின் இரண்டு நாடகங்களைப் படமாக்கியவர். இரண்டிலும் ரூபர்ட் எவரெட் நடித்திருந்தார், இரண்டாவதில் காலின் ஃபிர்த்தும் உண்டு. ஆக, நாடக மேடையின் வாய்வீச்சுக்குப் பழகிய ஓர் அணி, பாப் பாடல் வேகத்தில் ஒரு படம் எடுக்க இறங்கியது. அந்த இரண்டும் கடைசிவரை ஒட்டவில்லை என்பதே என் கணிப்பு.

கதை எளிது. செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் படித்த அனபெல் என்ற ஒழுக்கமான பெண்ணை அவளது தந்தை கார்னபி, செலவு மிச்சம் என்று தன் சகோதரி கமில்லா ஃபிரிட்டன் நடத்தும் பள்ளியில் தள்ளிவிடுகிறார். தந்தை, அத்தை இருவருமே எவரெட்தான். பள்ளிக்கு 5 லட்சம் பவுண்டு கடன். வங்கி கதவைத் தட்டுகிறது. இன்னொரு பக்கம் கமில்லாவின் பழைய காதலரான கல்வி அமைச்சர் ஜெஃப்ரி த்வெயிட்ஸ் (ஃபிர்த்) பள்ளியைத் திருத்தியே தீருவது என்று வருகிறார். மாணவிகள் லண்டன் நேஷனல் கேலரியில் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ ஓவியத்தைத் திருடிப் பள்ளியைக் காப்பாற்றத் திட்டமிடுகிறார்கள். அதற்கு மறைப்பாக, அதே கட்டடத்தில் ஸ்டீஃபன் ஃபிரை நடத்தும் பள்ளிகளுக்கிடையேயான வினாடி வினா இறுதிச்சுற்று.

வெர்மீரின் அந்த ஓவியம் நிஜத்தில் இருப்பது நெதர்லாந்தின் ஹேக் நகரில், மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில். லண்டனுக்கு அது வந்திருப்பதாகப் படம் வைத்துக்கொள்வதற்கு ஒரு உள்ளடி நகைச்சுவை காரணம்: 2003-இல் வந்த படமொன்றில் வெர்மீராக நடித்தவர் இதே ஃபிர்த். கமில்லாவின் நாய்க்கு ‘மிஸ்டர் டார்சி’ என்று பெயர் வைத்திருப்பதும் அதே வகை. ஜேன் ஆஸ்டின் நாவலை வைத்து 1995-இல் வந்த பிபிசி தொடரில் நாயகன் டார்சியாக நடித்துத்தான் ஃபிர்த் பெரும்புகழ் அடைந்தார். இப்படிப்பட்ட கிண்டல்களுக்குச் சிரிப்பவர் முப்பது வயதைத் தாண்டியவராகத்தான் இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு நாய் நாய்தான்.

நடிகையர் பட்டியலை இன்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். தலைமை மாணவி கெல்லியாக ஜெம்மா ஆர்டர்ட்டன்; அடுத்த ஆண்டே ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்தார். அனபெல்லாக டலூலா ரைலி. ஆங்கில ஆசிரியையாக லீனா ஹெடி, அலுவலகச் செயலராக பின்னாளில் ‘டாக்டர் ஹூ’ டிவி தொடரில் நாயகப் பாத்திரமான ‘டாக்டர்’ வேடமேற்ற முதல் பெண்ணான ஜோடி விட்டேக்கர், மாணவிகளாக ஜூனோ டெம்பிள், லில்லி கோல், பாடகி பலோமா ஃபெயித். பணக்காரப் பெண்கள் குழுவில் பீச்சஸ் என்ற பாத்திரத்தில் வரும் அமாரா கரன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த லண்டன் நடிகை. முதலீட்டு வங்கி வேலையை விட்டுவிட்டு நடிப்புக்கு வந்தவர். அவர் அறிமுகமானதும் அதே 2007-இல்தான். 1954-இன் பள்ளியில் வேற்று நிறத்து மாணவி என்றால் கதைக்குத் தேவைப்பட்ட ஒரு சுல்தானின் மகள். 2007-இல் அமாரா கரன் எந்த விளக்கமும் இல்லாமல் இன்னொரு திமிர்பிடித்த பணக்காரப் பெண்ணாக வந்துபோகிறார். விமர்சனங்களில் பேசப்படாத, ஆனால் கவனிக்கவேண்டிய ஒரு முன்னேற்றம்.

குறைகள் என்று சொன்னவை

‘அப்சர்வர்’ இதழின் மூத்த விமர்சகர் பிலிப் ஃபிரெஞ்ச், படம் கூச்சலும் கொச்சையுமாக, பெரும்பாலும் குறி தப்பியதாக இருக்கிறது என்று எழுதினார். ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’டில் டெரெக் மால்கம், கட்டமைப்பு குழறுபடியாக இருக்கிறது, ஆனால் நடிகர்கள் விடாப்பிடியாக எதையும் செய்யத் தயாராக இருப்பதால் அது அவ்வளவாக உறுத்தவில்லை என்ற தொனியில் எழுதினார். இந்த இரண்டு குரல்களுக்கு நடுவில்தான் பெரும்பாலான விமர்சனங்கள் விழுந்தன. எவரெட்டையும் ஃபிர்த்தையும் பாராட்டி, மற்றதைத் தள்ளிவிடுவது வாய்ப்பாடாகவே ஆனது.

எவரெட்டை சிம்மோடு ஒப்பிடாத விமர்சனம் அரிது. ஒப்பீடு நியாயமானதுதான், ஆனால் இருவரும் செய்வது வெவ்வேறு வேலை. சிம் பெண் குரலில் பேச முயல்வதில்லை, நெளிவதில்லை. மிலிசென்ட் தன்னை ஒரு கண்ணியமான கல்வியாளராகவே மனதார நம்புகிறார். மற்றப் பள்ளிகள் பெண்களை இரக்கமற்ற உலகத்துக்குத் தயார்செய்யாமல் அனுப்புகின்றன, எங்கள் மாணவிகள் வெளியேறும்போதோ தயாராகிக்கொள்ள வேண்டியது உலகம்தான் என்று அவர் சொல்வது பிரபலமான வசனம். ஒரு சாதனை அறிக்கையை வாசிக்கும் நிதானத்தோடு சிம் அதைச் சொல்வார். சிரிப்பு அங்கேதான் வருகிறது. ஓர் ஆண் பெண் வேடமிட்டிருக்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும்.

எவரெட் அதை மறக்கவிடுவதில்லை. பெரிய பற்கள், ஊதிய தலைமுடி, கமில்லா என்ற பெயர்: 2005-இல் இளவரசர் சார்லஸை மணந்த கமில்லா பார்க்கர் பவுல்ஸை நினைவூட்டுவதே திட்டம். பிலிப் ஃபிரெஞ்சும் அந்தச் சாயலைக் குறிப்பிட்டார். பார்த்தவுடன் சிரிப்பு வருகிறது, பத்து நிமிடத்தில் செலவாகியும் விடுகிறது. இப்படித் தோற்றத்திலேயே முடிந்துபோகும் நகைச்சுவைக்குக் கதையில் வளர்ச்சி கிடையாது. ஆனாலும் ஃபிர்த்தோடு வரும் காட்சிகளில் எவரெட் வேறு மாதிரி நடிக்கிறார். 1984-இல் ஒரு பழைய ஆண்கள் விடுதிப் பள்ளியைப் பற்றிய படத்தில் மாணவர்களாகச் சேர்ந்து நடித்தவர்கள் இருவரும். அந்த நீண்ட பழக்கத்தின் உரசலும் வேடிக்கையும் இந்தக் காதல் காட்சிகளில் தெரிகின்றன. படத்தில் திரைக்கதையை நம்பாமலேயே ஓடும் பகுதி இதுதான். கடைசிப் பெயர்ப்பட்டியலில் இருவரும் சேர்ந்து பாடும் பழைய டிஸ்கோ பாட்டு வரை அது நீடிக்கிறது.

கட்டமைப்புக் குறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். படத்தின் முதற்பாதி புதுப் பெண்ணின் வருகை, கேலி, ஹாக்கி ஆட்டம், உருமாற்றம் என்று போகிறது. திருட்டு பாதி வழியில்தான் தொடங்குகிறது. திருட்டுப் படத்துக்கென ஒரு அடிப்படைச் சூத்திரம் உண்டு: திட்டத்தைப் பார்வையாளருக்கு முழுதாகச் சொன்னால், நடப்பது அதன்படி நடக்கக்கூடாது, திட்டத்தைச் சொல்லவில்லை என்றால் சொன்னபடி நடக்கலாம். இங்கே திட்டத்தையும் விளக்கிவிட்டு, ஏறக்குறைய அப்படியே நடத்தியும் காட்டுகிறார்கள். இடையூறு வந்தால் அடுத்த காட்சியிலேயே தீர்ந்துவிடுகிறது. வினாடி வினாவையும் திருட்டையும் மாறி மாறி வெட்டிக் காட்டும்போது ஒன்று மற்றொன்றைத் துரிதப்படுத்த வேண்டும். இதில் ஒவ்வொரு வெட்டும் பதற்றத்தை இறக்கிவைக்கிறது. உண்மையான தந்திரம், அதாவது நகலை வரைந்து அதையே கார்னபியின் தலையில் கட்டுவது, கடைசியில் அவசரமாக வந்துபோகிறது. கதையின் மிகச் சிறந்த யோசனைக்கு மிகக் குறைந்த நேரம்.

1954-இல் லாண்டர் எடுத்த உச்சக்கட்டத்தில் ஒரு பந்தயக் குதிரை, அதை ஒளிக்கும் ஒரு வகுப்பு, மீட்கும் இன்னொரு வகுப்பு, பழைய மாணவிகள், போலீஸ், எல்லோரும் ஒரே கட்டடத்துக்குள் வந்து மோதுகிறார்கள். குழப்பத்தைக் காட்டுவதற்கு ஒழுங்கு வேண்டும். யார் எந்தக் கதவுக்குப் பின்னால் என்பது பார்வையாளருக்குத் தெரிந்தே இருக்கும். புதிய படத்தின் குழப்பமோ படத்தொகுப்பு மேசையில் உண்டானது. பாடல், வேகவெட்டு, மீண்டும் பாடல்.

நையாண்டி மழுங்கிப்போயிற்று என்ற புகாரும் சரியே. பழைய படத்தில் கல்வி அமைச்சகம் அனுப்பிய இரண்டு ஆய்வாளர்கள் காணாமல் போயிருப்பார்கள். பிறகு பார்த்தால் பள்ளியிலேயே சுகமாகத் தங்கிவிட்டிருப்பார்கள். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் அதிகாரிகள் அளந்துகொண்டிருந்த காலத்தில் அந்தக் கிண்டல் நேராகத் தைத்தது. 2007-இலும் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பின் பள்ளி ஆய்வுகள், பள்ளித் தரவரிசைப் பட்டியல்கள், ‘கல்வி, கல்வி, கல்வி’ என்று டோனி பிளேர் முழங்கிப் பிரதமராக வந்து பத்தாண்டு கழிந்திருந்தது. படம் ஓர் அமைச்சரைக் கொண்டுவந்து, அவரைக் காதலனாக்கி, துணியை உருவிவிட்டு அனுப்புகிறது. அரசியல்வாதி வந்தார், கல்வி வரவில்லை.

பெண்களைக் காட்டிய விதம் பற்றிய விமர்சனம் இன்னும் சிக்கலானது. குட்டைப் பாவாடை, கறுப்புக் காலுறை, அதைப் பிடிக்கும் பட்டை என்ற உருவம் இந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது பெரும்பாலும் 1950-களின் படங்களால்தான். அவற்றில் கீழ்வகுப்புப் பிள்ளைகள் சேர்லின் பிசாசுகளாகவும், மேல்வகுப்பு மாணவிகள் ஆண் பார்வையாளருக்கான கவர்ச்சியாகவும் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். 2007-இன் படம் இந்தப் பிரிவினையை அப்படியே வாங்கிக்கொண்டது. கேமரா ஆர்டர்ட்டனைக் காலிலிருந்து ஏறிப் பார்க்கும்போது படத்தின் முன் அமர்ந்திருப்பது யார் என்று இயக்குநர்கள் நினைத்தார்கள்? சிறுமிகளுக்கான படம் என்றால் அந்தக் கோணம் தேவையில்லை. அவர்களின் அப்பாக்களுக்கானது என்றால், அப்பாக்கள் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். விமர்சகர்களுக்கு உண்டான நெளிவு நியாயமானது. நடித்தவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டியவர்கள் என்பது அதற்குப் பதிலாகாது, பாத்திரங்கள் மாணவிகளாயிற்றே.

சதவீதம் சொல்வதும் சொல்லாததும்

முப்பது சதவீதம் என்றால் விமர்சகர்கள் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் கொடுத்தார்கள் என்று பொருளல்ல. எத்தனை பேர் ‘பார்க்கலாம்’ என்றார்கள் என்ற விகிதம் அது. ஐந்து ஸ்டார் முறையில் பொதுவாக மூன்று கிடைத்தால் சாதகக் கணக்கு, இரண்டு கிடைத்தால் பாதகக் கணக்கு. பத்துப் பேர் இரண்டு ஸ்டார் கொடுத்தாலும் சதவீதம் பூஜ்யம். பத்துப் பேர் ஒரு ஸ்டார் கொடுத்தாலும் பூஜ்யம். ‘குறைகள் இருக்கின்றன, ஆனால் சில இடங்களில் சிரித்தேன்’ என்ற வகை விமர்சனம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் விழும். டெரெக் மால்கம் எழுதியது போன்ற இரண்டுங்கெட்டான் தீர்ப்புகள் அதிகம் வந்த படத்துக்குச் சதவீதம் உண்மைக்கும் கீழேதான் காட்டும். அதிலும் உள்ளூர் வெளியீடாகத் தொடங்கிய பிரிட்டிஷ் நகைச்சுவைக்குத் திரளும் விமர்சனங்கள் சில டஜன்தான். ஹாலிவுட் பெரும்படத்துக்கு நூற்றுக்கணக்கில் சேரும். இங்கே நான்கு பேர் மனம் மாறினால் எண் பத்துப் புள்ளி நகர்ந்துவிடும்.

அமெரிக்காவில் இது 2009-இல்தான், அதுவும் பெயரளவுக்குச் சில திரைகளில் வெளியானது. பிரிட்டிஷ் பள்ளிக் கேலி என்பதே புரியாதவர்கள் எழுதிய விமர்சனங்களும் அந்த எண்ணில் கலந்திருக்கின்றன.

தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள்

பிலிப் ஃபிரெஞ்சின் அதே விமர்சனத்தில் இன்னொரு தகவல் இருந்தது. அவர் பார்த்த முன்னோட்டக் காட்சியில் பெரும்பாலும் இருந்தது ஏழெட்டு வயதிலிருந்து பதின்பருவத் தொடக்கம் வரையிலான சிறுமிகள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ரஸ்ஸல் பிராண்டின் ஃபிளாஷ் ஹாரியை மிகவும் ரசித்தார்கள் என்று அவரே எழுதினார். தனக்குப் பிடிக்காத படத்தைப் பற்றி எழுதும்போது அரங்கில் நடந்ததையும் மறைக்காமல் பதிந்த நேர்மை அது. படத்தின் வரவேற்பைப் பற்றி அன்று அச்சான வரிகளில் இதுவே மிகப் பயனுள்ளது.

அந்த வயதினர் உள்ளே வருவதற்கு வழிவிட்டது 12ஏ சான்றிதழ். 2002-இல் பிரிட்டிஷ் தியேட்டர்களில் வந்த இந்த வகையின்படி, பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையும் பெரியவர் ஒருவரோடு வந்தால் பார்க்கலாம். அதற்கு முந்தைய விதிப்படி 12 சான்று பெற்ற படத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையை அழைத்துப்போக முடியாது. பள்ளியிலேயே வோட்கா காய்ச்சி விற்கும் மாணவிகள், வெடிகுண்டு செய்யும் முதலாண்டுச் சிறுமிகள் எல்லாம் இருக்கும் படத்துக்கு 12ஏ என்பது தயாரிப்பாளர்களுக்கு அடித்த யோகம். தடைசெய்யப்பட்டதை எட்டிப்பார்க்கும் கிளர்ச்சி பிள்ளைக்கு, சான்றிதழ் தந்த நிம்மதி தாய்க்கு. ஒரு பிள்ளை வந்தால் குறைந்தது இரண்டு டிக்கெட்.

தேதியும் கைகொடுத்தது. டிசம்பர் கடைசி வாரங்கள் பிரிட்டனில் பாண்டோமைம் காலம். ஊர்தோறும் நாடக அரங்குகளில் குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் கூத்து அது. ஆண் நடிகர் ஒருவர் பெரிய மார்போடும் உரத்த குரலோடும் கிழவி வேடம் கட்டுவார். டிவி பிரபலங்கள் தலைகாட்டுவார்கள். அந்த ஆண்டின் பாப் பாட்டு இடையிடையே வரும். பிள்ளைகளுக்கு அடிதடிச் சிரிப்பு, அவர்கள் தலைக்கு மேலே பெற்றோருக்கு இரட்டை அர்த்தம். இந்தப் பட்டியலை ‘செயின்ட் ட்ரினியன்ஸ்’ மீது வைத்துப் பாருங்கள். எவரெட்டின் கமில்லா அந்தக் கிழவி. பிராண்டும் ஃபிரையும் டிவி முகங்கள். பாட்டுக்கு, அப்போது பிரிட்டனில் உச்சத்திலிருந்த கேர்ள்ஸ் அலவுட் குழு பள்ளி இசைக்குழுவாகவே வருகிறது. டார்சி நாய் பெற்றோருக்கு. சினிமாவாக எடைபோட்டவர்களுக்குக் குறைகளாகத் தெரிந்த மிகையும் கூச்சலும் கோர்வையின்மையும் பாண்டோமைமில் இலக்கணம். எவரெட்டை சிம்மோடு ஒப்பிட்டது தப்பில்லை. ஆனால் அந்த மாதத்தில் ஊர் அரங்கில் கிழவி வேடம் கட்டியவரோடும் ஒப்பிட்டிருக்கலாம்.

இன்னொரு காரணம் பள்ளிக்குள் இருந்த கூட்டங்கள். அனபெல் விடுதிக்கு வந்ததும் கெல்லி அவளுக்கு ஒவ்வொரு குழுவாகக் காட்டுகிறாள்: பணக்கார அழகிகள், சாவ் பெண்கள், கறுப்புடை இமோக்கள், கண்ணாடி அணிந்த கணினிப் பெண்கள், யாருக்கும் அடங்காத முதலாண்டுச் சிறுமிகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சீருடை, தனி முடி, தனிப் படுக்கை மூலை. பெரியவர்களுக்கு இது மலிவான வகைப்பாடு. அதில் ‘சாவ்’ என்பது அந்நாளில் பிரிட்டிஷ் ஊடகங்கள் உழைக்கும் வர்க்க இளைஞர்களை இகழப் பயன்படுத்திய சொல்; கட்டணம் வாங்கும் விடுதிப் பள்ளியில் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று படம் யோசிக்கவும் இல்லை. ஆனால் பத்து வயதுப் பெண்ணுக்கு அது ஒரு விளையாட்டு: நான் எந்தக் குழு? ஹாரி பாட்டரின் கடைசி நாவலும் ஐந்தாவது படமும் வந்த அதே ஆண்டு இது. விடுதிப் பள்ளி, நான்கு இல்லங்கள், எனக்கு எந்த இல்லம் என்று கேட்டே வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கேள்வி கைவந்தது. அதோடு இந்தக் குழுக்களின் உடைகளை வீட்டில் இருக்கும் பள்ளிச் சீருடையையும் கொஞ்சம் கண்மையையும் வைத்தே போட்டுக்கொள்ளலாம். மந்திரக்கோல்கூட வேண்டாம்.

அனபெல்லை ஒவ்வொரு குழுவும் தன்போக்கில் உருமாற்றிப் பார்க்கும் காட்சி இரண்டு பக்கத்துக்கும் நல்ல உதாரணம். அடங்காத பெண்களைப் பற்றிய கதையில் ஒரு பெண் விடுதலை பெறுவது ஒப்பனையாலும் குட்டைப் பாவாடையாலும்தானா என்பது பெரியவரின் கேள்வி. சிறுமிக்கோ அதுவே படத்தின் மிகச் சிறந்த ஐந்து நிமிடம். என்னைக் கேட்டால் பெரியவரின் கேள்வியே வலுவானது, சிறுமியின் ஆசையும் பொய்யில்லை. திரைக்கதை இந்த முரணைக் கண்டுகொண்டிருந்தால் நல்ல படமாகியிருக்கும். கண்டுகொள்ளாததால் சுமாரான, ஆனால் ஓடிய படமாயிற்று.

ஓடியது என்றால் எவ்வளவு?

வசூல் 1.2 கோடி, செலவு 70 லட்சம், எனவே லாபம் 50 லட்சம் என்று கணக்குப் போடக்கூடாது. அன்றைய பிரிட்டனில் டிக்கெட் விலைக்குள்ளேயே 17.5 சதவீத வாட் வரி இருந்தது. 1.2 கோடியை 1.175-ஆல் வகுத்தால் மிஞ்சுவது சுமார் 1.02 கோடி. அதில் தியேட்டர்காரர் பங்கு பாதிக்கு மேல். விநியோகஸ்தருக்கு நாற்பது சதவீதம் வந்தது என்று தாராளமாக வைத்தாலும் 41 லட்சம் பவுண்டுதான். அதிலிருந்து 35 மி.மீ. பிரதிகள், சுவரொட்டி, டிவி விளம்பரச் செலவு கழிய வேண்டும். ஆக, உள்ளூர்த் தியேட்டர் வசூல் மட்டும் முதலீட்டைத் திருப்பித் தந்திருக்க முடியாது. தியேட்டரில் ஓடியது அடுத்த கட்டத்துக்கான விளம்பரம். டிவிடி விற்பனை கொழித்த காலம் அது. சிறுமிகள் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள். வெளிநாட்டு உரிமை, டிவி உரிமை என்று அடுத்தடுத்து வருவதையெல்லாம் சேர்த்துத்தான் ஈலிங் இரண்டாம் பாகத்துக்குத் துணிந்தது.

அது 2009 டிசம்பர் 18-இல் வந்தது. கடற்கொள்ளையன் ஃபிரிட்டனின் புதையல், ரகசியச் சங்கம், ‘டாக்டர் ஹூ’ புகழில் இருந்த டேவிட் டென்னன்ட் வில்லன், முடிவில் ஷேக்ஸ்பியர் பற்றிய ஒரு திருப்பம். விமர்சனங்கள் முதல் படத்தைவிடக் கடுமையாக வந்தன, வசூலும் 70 லட்சம் பவுண்டை ஒட்டி நின்றுவிட்டது. ஒருநாள் முன்னதாக ‘அவதார்’ இறங்கியிருந்தது ஒரு காரணம். பெரிய காரணம் உள்ளே இருந்தது. ரஸ்ஸல் பிராண்டும் லீனா ஹெடியும் இல்லை, ஆர்டர்ட்டன் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அனபெல் ஏற்கெனவே மாறிவிட்டவள். இனி அவளைப் புதிதாகப் பள்ளிக்குள் அழைத்துவந்து குழுக்களைக் காட்ட வழியில்லை. புதிய குழுக்கள் சேர்க்கப்பட்டன, ஆனால் எந்தக் குழுவில் சேர்வது என்ற கேள்வி போய்விட்டிருந்தது. கதையின் பெரும்பகுதி புதையல் துப்புகளைத் தேடிப் பள்ளிக்கு வெளியே அலைகிறது. 2007-இல் பத்து வயதாக இருந்த சிறுமிக்கு இப்போது பன்னிரண்டு. அந்த வயதில் இரண்டு ஆண்டு என்பது ரசனை முழுதாக மாறிப்போகும் காலம். மூன்றாம் பாகம் வரப்போவதாகப் பேச்சு எழுந்தது, படம் எடுக்கப்படவில்லை.